புராஸ்டேட் நீக்க அறுவை: விளைவு எதைப் பொறுத்தது?

கேள்வி: புற்றுநோய் புராஸ்டேட்டுக்கு (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வெளியே பரவவில்லை. அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும் எதனால் ஆளுக்கு ஆள் மாறுகின்றன? ரோபோ கருவியால் செய்தால் குறையுமா?

பதில் 1: ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோ, திறந்த அறுவை ஆகிய இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், 24 மாதங்களில் கசிவிலும் விறைப்பிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவரின் கைப்பழக்கம்தான் முக்கியம். எத்தனை அறுவை செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

பதில் 2: கசிவைப் பொறுத்தவரை, சுரப்பியின் நுனியை வெட்டும்போது சிறுநீர்த்தாரையை (சிறுநீர் வெளியேறும் குழாய்) எவ்வளவு நீளம் மிச்சம் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிறுநீரை அடக்கும் சுருக்குத்தசை அங்கேதான் இருக்கிறது. விறைப்புக்கான நரம்புக் கற்றைகள் சுரப்பியின் பின்பக்கவாட்டில் ஒட்டி ஓடுகின்றன. 1982இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் இவற்றைக் காக்கும் அறுவையைச் செய்தார். ரத்தத்தை நிறுத்த வைக்கும் மின்சூடு பட்டால் நரம்பு கெடும். வெறுமனே இழுபட்டாலும் மீள 2 வருடம்கூட ஆகலாம்.

பதில் 3: நரம்பைக் காப்பாற்றப் போய், கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கக்கூடிய பக்கத்திலும் ஒட்டி வெட்டினால் வெட்டு விளிம்பில் புற்றுசெல் தங்கிவிடலாம். எம்.ஆர்.ஐ.யில் சந்தேகமுள்ள பக்கத்தை அகலமாக எடுத்து, மறுபக்க நரம்பை மட்டும் காப்பதே சரி. அறுவைக்குப் பின் கதீட்டர் (சிறுநீர் வடிகுழாய்) பொதுவாக 7–10 நாள் இருக்கும். சிறுநீர்ப்பையும் சிறுநீர்த்தாரையும் சேரும் இணைப்பில் கசிவு இருந்தால், அது நிற்கும் முன் எடுக்கக் கூடாது. எடுத்தால் பின்னால் அங்கே தழும்பு விழுந்து சிறுநீர்ப் பாதை சுருங்கலாம்.