டிட்டர்மினருக்குத் தமிழ்ச்சொல்: ‘வரைசொல்’ பொருந்துமா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் எ, ஆன், தி, திஸ், தீஸ், மை, எவ்ரி, மெனி, மச், சம் ஆகியவற்றை ஒரே வகையாக்கி ‘டிட்டர்மினர்’ என்கிறோம். இதற்கு ‘வரைசொல்’ என்பதை முன்மொழிகிறேன். இதுவரை பேசப்பட்டவை தீர்மானி, சுட்டி, பெயர்முன்னி, பெயரடை.

‘தீர்மானி’ ஏவல் வினையாகவே காதில் விழுகிறது. தவிர, இச்சொற்கள் எதையும் முடிவு செய்வதில்லை. லத்தீன் மூலமான ‘டெர்மினுஸ்’ என்பதற்கே எல்லை என்றுதான் பொருள். பெயர் எதைக் குறிக்கிறது, எவ்வளவைக் குறிக்கிறது என்று எல்லை கட்டுவதுதான் இவற்றின் வேலை. நம் ‘வரை’ அதே பொருளைத் தருகிறது: வரையறு, வரம்பு, அதுவரை. ‘சுட்டி’ கணினியில் குடியேறிவிட்டது. அது இல்லாவிட்டாலும், திஸ், தட் சுட்டும். எவ்ரியும் மச்சும் எதைச் சுட்டுகின்றன? ‘பெயர்முன்னி’ இடத்தை மட்டும் சொல்கிறது. பெயருக்கு முன்னால் அடைமொழிகளும்தான் வருகின்றன.

‘பெயரடை’தான் ஆபத்தானது. பழைய ஆங்கில இலக்கணங்கள் மை, திஸ் எல்லாவற்றையும் பெயரடையாகவே எண்ணின. அமெரிக்க மொழியியலாளர் புளூம்ஃபீல்டு 1933இல் பெயரடைக்குள்ளேயே ‘டிட்டர்மினர்’ என்று தனி உட்பிரிவு கண்டதற்குக் காரணம் உண்டு. ‘ஐ பாட் புக்’ தவறு. நடுவில் ஒரு பெயரடையைச் சேர்த்து ‘ஐ பாட் நியூ புக்’ என்றாலும் தவறுதான். ‘எ’ அல்லது ‘தி’ அல்லது ‘மை’ வந்தால்தான் வாக்கியம் நிற்கும். எண்ணத்தக்க ஒருமைப் பெயர் பொதுவாகத் தனியே நிற்காது. அந்தக் குறையைப் பெயரடையால் தீர்க்க முடியாது.

இன்னொன்று. பெயரடைகளை அடுக்கலாம்: பிக் ஓல்ட் ரெட் புக். வரைசொற்களை அப்படி அடுக்க முடியாது. தமிழில் ‘என் இந்தப் புத்தகம்’ இயல்பு. ஆங்கிலத்தில் ‘மை திஸ் புக்’ கிடையாது. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஒன்றைப் பின்னால் தள்ளி ‘திஸ் புக் ஆஃப் மைன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் அப்படி ஒரு போட்டியே இல்லாததால்தான் நமக்குப் புதுச்சொல் தேவைப்படுகிறது.

———

மறு: டிட்டர்மினருக்குத் தமிழ்ச்சொல்

ஐயா, ‘வரைசொல்’ எனக்கு உடன்பாடு. ‘ஓவியம் வரைதல்’ நினைவுக்கு வருமே என்ற கேள்வி எழும். வினைச்சொல், பெயர்ச்சொல் வரிசையில் வைத்துப் படித்தால் அந்தக் குழப்பம் நேராது என்றே நினைக்கிறேன்.

ஆனால் கலைச்சொல்லைக் கிளைகளோடு சேர்த்து உருவாக்க வேண்டும். மாணவர்கள் தடுக்கி விழுவது எண் இயைபில். ஆகவே ஒருமை வரைசொல், பன்மை வரைசொல், அளவு வரைசொல், பொது வரைசொல் என்று பிரிப்போம்.

எ, ஆன், திஸ், தட், ஈச், எவ்ரி, ஐதர், நைதர், அனதர் ஒருமைக்கு. தீஸ், தோஸ், மெனி, ஃபியூ, செவரல், போத் பன்மைக்கு. மச், லிட்டில் எண்ண முடியாதவற்றுக்கு. தி, மை, விச், நோ, எனி எதனோடும் சேரும். திஸ், தட் எண்ண முடியாதவற்றோடும் வரும் (‘திஸ் வாட்டர்’). சம், எனஃப், ஆல் பெரும்பாலும் பன்மையோடும் எண்ண முடியாததோடும் வரும்.

‘திஸ் புக்ஸ்’ என்ற பிழை எங்கிருந்து வருகிறது? தமிழில் இது, இவை என்று எண்ணுக்கேற்ப மாறுவது பிரதிப்பெயர்தான். பெயருக்கு முன் வரும் ‘இந்த’ மாறுவதே இல்லை: இந்த மரம், இந்த மரங்கள். ஆங்கிலத்தில் திஸ், தீஸ் இரு வேலையையும் செய்கின்றன, இரண்டு இடத்திலும் எண்ணுக்கேற்ப மாறுகின்றன. பாடத்தில் ‘இந்த’ என்பதைத் திஸ்ஸுக்கு மட்டும் நேராகக் கொடுத்தால் பிழை விதைக்கப்பட்டுவிடும். ‘திஸ், தீஸ் – இந்த’ என்று இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

‘டென் புக்’ இன்னொரு வகை. அஃறிணையில் எண்ணுப்பெயர் வந்துவிட்டால் ‘கள்’ கட்டாயமில்லை: பத்து மாடு, நாலு நாற்காலி. அதே பழக்கம் ஆங்கிலத்திலும் தொற்றுகிறது. உயர்திணையில் ‘பத்து மாணவர்கள்’ என்று பழகியிருப்பதால் ‘டென் ஸ்டூடண்ட்ஸ்’ என்பதில் பிழை குறைவு. பயிற்சி வாக்கியங்களை அஃறிணையில் நிறையக் கொடுக்க வேண்டும்.

‘எவ்ரி ஸ்டூடண்ட்ஸ்’ என்பது ‘எல்லா மாணவர்களும்’ என்று நினைத்து எழுதுவதால் வருவது. ‘ஒவ்வொரு மாணவரும்’ என்று நினைத்தால் ஒருமை தானே வந்துவிடும், வினையும் ‘ஹேஸ்’ என்று அமையும். ஈச், எவ்ரி இரண்டுக்கும் ‘ஒவ்வொரு’ என்றே எழுதுகிறோம். ஆனால் இரண்டே இருக்கும் இடத்தில் எவ்ரி வராது. ஒருவரின் இரு கைகளைப் பற்றிச் சொல்லும்போது ‘இன் ஈச் ஹேண்ட்’தான். ‘எவ்ரி டூ வீக்ஸ்’, ‘அனதர் டென் மினிட்ஸ்’ விலக்குப் போலத் தெரியும். அங்கே இரண்டு வாரமும் பத்து நிமிடமும் ஒரே அலகாக எண்ணப்படுகின்றன, அவ்வளவுதான்.

‘ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்’ எங்கும் காணப்படும் பிழை. ‘மாணவர்களில் ஒருவர்’ என்று தமிழில் பன்மையைச் சரியாகவே சொல்கிறவர்கள், ஆங்கிலத்தில் ‘ஒன்’ முன்னால் வந்ததும் பெயரையும் ஒருமையாக்கிவிடுகிறார்கள். ஆஃபுக்குப் பின் பன்மை, அதற்கு முன் தி, மை, தீஸ் போன்ற ஒரு வரைசொல், வினை ஒருமை: ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ்’.

‘எ’வுக்கு ‘ஒரு’ என்று கொடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஓர், ஒரு வேறுபாட்டைக் காட்டி எ, ஆன் கற்பிப்பது நல்ல வழி, ஒலிதான் அளவுகோல் என்பதும் பொருந்துகிறது: ஆன் அவர் (மணி நேரம்), எ யுனிவர்சிட்டி. ஆனால் ‘ஒரு பத்துப் பேர்’ என்று தோராயமாகச் சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் ‘எ டென் பீப்பிள்’ ஆகாது. ‘அபவுட் டென் பீப்பிள்’ என்று தனிச்சொல் போட வேண்டும்.

———

மறு: மறு: டிட்டர்மினருக்குத் தமிழ்ச்சொல்

> கலைச்சொல்லைக் கிளைகளோடு சேர்த்து உருவாக்க வேண்டும்

சரிதான் அம்மா. ஒரு கிளை விட்டுப்போயிற்று. ‘தி ஸ்டூடண்ட்ஸ் புக்’ என்பதை ‘மாணவரின் புத்தகம்’ என்ற பொருளில் எடுங்கள். புக்குக்கு முன் நிற்கும் ‘தி ஸ்டூடண்ட்ஸ்’ ஒரு சொல் அல்ல, தொடர். ஆனாலும் ‘மை’ செய்யும் வேலையைச் செய்கிறது; அதனால்தான் அங்கே இன்னொரு ‘எ’ நுழைய முடியாது. இதை வரைசொல் என்று அழைக்க முடியாது. மொழியியலாளர்கள் ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் தங்கள் ஆங்கில இலக்கண நூலில் சொல்வகைக்கு ஒரு பெயரும் அது வகிக்கும் பணிக்கு வேறு பெயரும் வைத்தது இதற்காகவே. நாமும் சொல்வகையை ‘வரைசொல்’ என்றும், பெயருக்கு முன்னுள்ள அந்த இடத்தை ‘வரையிடம்’ என்றும் பிரிக்கலாம்.

ஆல், போத், ஹாஃப் வரையிடத்துக்கு முன்னும், எண்களும் மெனி, ஃபியூ போன்றவையும் பின்னும் வரலாம்: ‘ஆல் தோஸ் ஃபோர் புக்ஸ்’. எனவே முன்வரைசொல், நடுவரைசொல், பின்வரைசொல். நடுவில் ஒன்றுக்கு மேல் வராது என்பதை விளக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

———

மறு: மறு: மறு: டிட்டர்மினருக்குத் தமிழ்ச்சொல்

‘வரையிடம்’ மிகப் பொருத்தம். ‘மை திஸ் புக்’ ஏன் வராது என்பதை இனி ஒரே வரியில் விளக்கலாம். கலைச்சொல் பதிவுக்கான வரைவு கீழே. திருத்தம் இருந்தால் வரிவரியாகச் சொல்லுங்கள்.

வரைசொல்: பெயர்ச்சொல் குறிப்பது எது, எவ்வளவு என்று எல்லை கட்டும் சொல்வகை. எண்ணத்தக்க ஒருமைப் பெயருக்கு முன் பொதுவாகக் கட்டாயம். பெயரின் எண்ணோடு இயையும்: திஸ் புக், தீஸ் புக்ஸ், மச் வாட்டர்.

வரையிடம்: பெயர்த்தொடரில் நடுவரைசொல்லோ, ‘தி ஸ்டூடண்ட்ஸ்’ போன்ற உடைமைத்தொடரோ நிற்கும் இடம். ஒரு நேரத்தில் ஒன்றுக்கே இடமுண்டு.