போக்கரில் 3 பை-இன் (மேசையில் உட்காரும்போது சிப் வாங்கும் தொகை) போனதும் எழுந்துவிட வேண்டுமா? டில்ட்டுக்கு அது மருந்தாகுமா?

கடைசிச்சீட்டு:
பின்பால் இயந்திரத்தைக் கோபத்தில் பிடித்து உலுக்கினால் 'டில்ட்' என்று விளக்கு எரியும், பொத்தான்கள் வேலை செய்யாது, பந்து குழிக்குள் போய்விடும். போக்கர் மேசைக்கு அந்தச் சொல் வந்தது அங்கிருந்துதான். நல்ல கையோடு தோற்ற எரிச்சலில் அடுத்தடுத்து மோசமாக ஆடுவதுதான் டில்ட். இதற்கு என் தீர்வு ஒன்றே: பணத்துக்கு ஒரு கோடு. 100/200 மேசையில் (ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்: சிறிய பிளைண்ட் 100, பிக் பிளைண்ட் 200) 20,000 ரூபாய் பை-இன் என்றால், 60,000 போனதும் எழுந்துவிட வேண்டும், எந்தச் சமாதானமும் சொல்லக் கூடாது. கோடு போடாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்குப் போக்கர் ஆட்டக்காரர் விக்டர் பிளோம் சாட்சி. 2009 டிசம்பர் 8 அன்று ஃபுல் டில்ட் என்ற இணையப் போக்கர் தளத்தில் 'இசில்டுர்1' என்ற பெயரில் ஆடி, சுமார் 5 மணி நேரத்தில் ஏறத்தாழ 42 லட்சம் டாலரை பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் இழந்தார்.

விகிதம்:
அந்த உதாரணம் உங்கள் வாதத்தைத் தாங்காது, நண்பரே. ஆட்டம் 500/1,000 டாலர் பாட்-லிமிட் ஒமஹா என்ற போக்கர் வகை. ஒரு பை-இன் 1 லட்சம் டாலர், ஆக அவர் இழந்தது 42 பை-இன். ஒமஹாவில் நான்கு சீட்டு கையில் இருப்பதால் இரண்டு ஏஸ் வைத்திருப்பவருக்கே ஃப்ளாப்புக்கு (மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டு) முன் சாதகம் பெரும்பாலும் 60 முதல் 65 சதவீதம்தான். அதனால் ஏற்ற இறக்கம் கடுமையாக இருக்கும். அது போக, ஹேஸ்டிங்ஸும் பிரையன் டவுன்செண்டும் கோல் சவுத்தும் தங்களிடமிருந்த பிளோம் ஆடிய பழைய கைகளின் பதிவுகளைச் சேர்த்து வைத்துப் படித்திருந்தார்கள். அது தளத்தின் விதிக்கு எதிரானது. டவுன்செண்ட் அதை ஒப்புக்கொண்டார், தளத்தில் அவருக்கிருந்த தொழில்முறை அந்தஸ்தை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். எதிராளிக்குக் கூடுதல் தகவல் இருந்த ஆட்டத்தில் எது எரிச்சலால் போனது, எது தகவலால் போனது என்று பிரிக்க வழியில்லை.

பட்டன்சீட்:
42 லட்சம் டாலர் கதையெல்லாம் விடுங்க. எரிச்சல் சாதாரண மேசையில எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். உங்க ஏஸ் ஜோடி, எதிராளியோட கிங் ஜோடி, ஃப்ளாப்புக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஆல்-இன், அதாவது இருக்கிறது எல்லாத்தையும் வச்சாச்சு. நூத்துக்கு 18 தடவை கிங் ஜெயிக்கும். ஜெயிச்சிடுச்சு. மறுபடி 20,000 வாங்கி உட்கார்றீங்க. ரெண்டு கை கழிச்சு அதே ஆள் முன் இருக்கையிலிருந்து (முதல்ல முடிவெடுக்கிற இடம்) 600 ரெய்ஸ் பண்றார், அதாவது பந்தயத்தை ஏத்துறார். நீங்க பட்டன்ல (ஃப்ளாப்புல இருந்து கடைசியா முடிவெடுக்கிற இடம்), கையில கிங்-ஜாக், வேற வேற ஜாதி. மனசு நல்லா இருக்கிற நாள்ல ஃபோல்ட், கையை விட்டுடுவீங்க. இன்னிக்கு கால், அதே தொகையை நீங்களும் வைக்கிறீங்க, ஏன்னா ரெய்ஸ் பண்ணினது 'அந்த' ஆள்.

பாட் (நடுவுல சேர்ந்த பணம்) இப்போ பிளைண்டோட சேர்த்து 1,500. ஃப்ளாப் கிங்-7-2. அவர் 1,000, நீங்க கால். பாட் 3,500. டர்ன்ல (நாலாவது பொதுச் சீட்டு) 2,500, கால். பாட் 8,500. ரிவர்ல (அஞ்சாவது, கடைசிப் பொதுச் சீட்டு) 6,000 வைக்கிறார். முன் இருக்கையிலிருந்து ரெய்ஸ் பண்ணி மூணு தடவை பணம் வைக்கிற ஆள்கிட்ட ஏஸ்-கிங், கிங்-குயின், ஏஸ் ஜோடி, 7 ஜோடின்னு எல்லாமே உங்களை அடிக்கிற கை. நீங்க ஜெயிக்கிறது ஏறக்குறைய அவர் ஏமாத்துற நேரத்துல மட்டும்தான். ஆனாலும் கால். மொத்தம் 10,100 போச்சு, 50 பிக் பிளைண்ட். ஒரு தடவைகூட யாரும் மேசையைத் தட்டலை, கத்தலை. ஆல்-இன் தள்ளுறதுதான் டில்ட்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு இது கண்ணுல படவே படாது.

கடைசிச்சீட்டு:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! ரிவரில் போன அந்த 6,000-ஐ மட்டும் பாருங்கள். மணிக்கு 5 பிக் பிளைண்ட், அதாவது 1,000 ரூபாய் சம்பாதிக்கும் நல்ல ஆட்டக்காரருக்கு அது 6 மணி நேர உழைப்பு.

விகிதம்:
கணக்கைச் சரியாகப் போடுவோம். 6,000 கொடுத்தால் மொத்த பாட் 20,500. அந்தக் கால் நட்டமில்லாமல் இருக்க 29 சதவீதம் ஜெயிக்க வேண்டும். பட்டன்சீட் சொன்ன சூழலில் 10 சதவீதம் என்று வைத்தால், 2,050 திரும்பி வருகிறது. ஆக அந்த முடிவின் விலை 3,950, நான்கு மணி நேரம். இது சில்லறைச் சண்டையில்லை. சீட்டு விழுந்த விதத்தால் போன பணத்தையும் முடிவால் போன பணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் எரிச்சலுக்கே எண்ணெய். கிங் ஜோடியிடம் போன 20,000-இல் உங்கள் தவறு பூஜ்யம். கிங்-ஜாக் கையில் போன 10,100-இல் பெரும்பகுதி தவறு. உங்கள் 60,000 கோட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் கோடு நேரடி மேசையில் எப்படி நடந்துகொள்ளும் என்றும் பார்க்கலாம். மணிக்கு 28 கை, 8 மணி நேரம், மணிக்கு 5 பிக் பிளைண்ட் லாபம், 100 கைக்கு 90 பிக் பிளைண்ட் திட்ட விலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு). ஒழுங்காக ஆடும் ஒருவர் அப்படி ஓர் அமர்வை 3 பை-இன் நட்டத்தில் முடிப்பது 100-இல் ஒரு முறைகூட இல்லை. எனவே உங்கள் கோடு அடிக்கும்போது அவர் ஏற்கெனவே பல மணி நேரம் கெட்டு ஆடியிருக்கிறார். இணையத்தில் 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் ஈட்டுபவர் 1,000 கை ஆடினால் கதை தலைகீழ்: எந்தத் தவறும் செய்யாமலே 100-இல் 11 அமர்வுகளை 3 பை-இன்னோ அதற்கு மேலோ இழந்து முடிப்பார். ஒரே விதி ஓரிடத்தில் தாமதமாக வருகிறது, இன்னோரிடத்தில் காரணமில்லாமல் வருகிறது.

கடைசிச்சீட்டு:
சரி, எண் தவறாக இருக்கட்டும், ஒரு பை-இன்னாகக் குறையுங்கள். ஆனால் வெளியிலிருந்து ஒரு பூட்டு வேண்டும் என்பதில் நான் நகர மாட்டேன். எரிச்சலில் இருப்பவனிடம் 'நீ எரிச்சலில் இருக்கிறாயா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். 2009-இல் பொமோனா கல்லூரியைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு 25/50 டாலர் மேசைகளில் ஆடும் அனுபவசாலிகளைப் பற்றியது. பெரிய நட்டத்துக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானோர் முன்பைவிடத் தளர்வாக, அதாவது அதிகக் கைகளில் பணம் வைத்து, ஆடினார்கள். தாலரும் ஜான்சனும் 1990-இல் எழுதியதும் இதே திசைதான்: நட்டத்தில் இருப்பவருக்கு, போட்டதை மீட்டுத் தரக்கூடிய வாய்ப்பு மட்டும் தனிக் கவர்ச்சியோடு தெரிகிறது. கணக்கு தெரிந்தவர்களுக்கே இப்படி. 2025-இல் தமிழ்நாடு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டது இப்படித் தடுமாறும் நேரத்தை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து அவற்றை மொத்தமாகத் தடை செய்துவிட்டது, அது வேறு விஷயம். கோவா மேசைகளில் அப்படி ஒரு பூட்டை நாமே போட்டுக்கொண்டால்தான் உண்டு.

பட்டன்சீட்:
பூட்டு வேணும், ஒத்துக்கிறேன். ஆனா அதைப் பணத்துல மாட்டாதீங்க, செயல்ல மாட்டுங்க. நான் சொல்ற மூணும் வெளியிலிருந்தே எண்ணக்கூடியது. ஒண்ணு, முழு ஸ்டாக்கும் (முன்னாடி இருக்கிற சிப் மொத்தமும்) போய் மறுபடி வாங்குறதுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு சுத்து வெளியே. 9 பேர் மேசைன்னா 9 கை, ஏறக்குறைய 20 நிமிஷம். கேஷ் மேசையில (எப்ப வேணா எழுந்து சிப்பைப் பணமாக்கலாம்) இதுக்கு செலவே கிடையாது. பிக் பிளைண்ட் உங்க இடத்துக்கு வரும்போது திரும்பி உட்கார்ந்தா போதும். ரெண்டு, ரிவர்ல கால் பண்றதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லணும்: எத்தனை சதவீதம் வேணும், எதிராளியோட எந்தெந்த கையை நான் அடிக்கிறேன். ரெண்டாவது கேள்விக்கு ஒரு கையோட பேரைக்கூடச் சொல்ல முடியலைன்னா ஃபோல்ட். மூணாவதுதான் எனக்கு முக்கியமாப் படுது. ஒரு சுத்துல எத்தனை கை ஆடினோம்னு சிப்பை வச்சு எண்ணுறது. 9-க்கு 2 ஆடுற ஆள் 4 ஆடிட்டார்னா, ஜெயிச்சாலும் சரி, எழுந்துடணும்.

பெருஞ்சுற்று:
டோர்னமெண்ட் பக்கமிருந்து ஒரு குறுக்கீடு. அங்கே உங்கள் 20 நிமிஷ நடை இலவசமில்லை. நீங்கள் இல்லாவிட்டாலும் பிளைண்டும் ஆன்டியும் (பிளைண்டுக்கு மேல் கட்டாயமாக வைக்கும் பணம்) உங்கள் ஸ்டாக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். 15 பிக் பிளைண்டோடு இருப்பவர் ஒரு சுற்று தவறவிட்டால் ஆன்டியோடு சேர்த்து 2.5 போகும், ஸ்டாக்கில் ஆறில் ஒரு பங்கு. பணத்துக்குக் கோடு போடுவதற்கும் அங்கே அர்த்தமில்லை, நுழைவுக் கட்டணம் முன்பே கட்டியாகிவிட்டது. அங்கே உதவுவது ஆட்டத்தைச் சுருக்குவதுதான். 40 பிக் பிளைண்டுக்கு மேல் ஸ்டாக் இருந்தால் அடுத்த சுற்று முழுக்க 7 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், அவ்வளவுதான். 100 கையில் 6 வரும். சலிப்பாக இருக்கும், ஆனால் கிங்-ஜாக் கண்ணிலேயே படாது.

விகிதம்:
அந்தச் சுருக்கத்தை கேஷ் மேசைக்கு யாரும் எடுத்துவர வேண்டாம். 9 கையில் ஒன்றுகூட ஆடாமல் இருந்தால் பிளைண்டுக்கே 300 போகிறது. எழுந்து நடந்தால் அதுவும் மிச்சம்.

பட்டன்சீட்டின் இரண்டாவது விதியை முழுதாக ஏற்கிறேன். முதலாவதில் ஒரு பயம். திரும்பி வந்ததும் அந்த ஆளைத்தான் முதலில் தேடுகிறார்கள், அவருடைய பெரிய ஸ்டாக் இன்னும் அங்கேயே இருக்கிறது. முடிந்தால் வேறு மேசைக்கு மாற்றம் கேட்பது நல்லது. இல்லையென்றால் அவருக்கு இடப்புறம் இருக்கை காலியாகும்வரை வெளியே இருக்கலாம், அவர் முடிவெடுத்த பிறகு நம் முறை வரும்.

கடைசிச்சீட்டு:
இருக்கை மாற்றம் நல்ல யோசனை, சேர்த்துக்கொள்கிறேன். சிப் எண்ணுவதையும். ஆனால் ஒரு பை-இன் கோட்டை விட மாட்டேன். 20 நிமிஷம் நடந்து வந்த பிறகும் சட்டைப்பையில் இன்னும் 40,000 இருக்கும் வரை அந்த மூன்று விதிகளையும் மீற ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்த பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

பட்டன்சீட்:
அது சரிதான். ஆனா ஒரு பை-இன் மட்டும் எடுத்துட்டு வர்றவர், ஏஸ் ஜோடியை கிங் ஜோடி அடிச்ச அன்னிக்கு, ஒரு தப்பும் பண்ணாம மேசையில பலவீனமான ரெண்டு ஆட்களை விட்டுட்டு வீட்டுக்குப் போறார். அந்த விலையையும் கணக்குல எழுதுங்க. ரெண்டு பை-இன் எடுத்துட்டு வரலாம், ரெண்டாவதைத் தொட சிப் எண்ணிக்கை 2-ஐத் தாண்டாம இருந்திருக்கணும். இதுல நீங்க இறங்கி வருவீங்களா?

கடைசிச்சீட்டு:
வருகிறேன், எண்ணுவது கூட வந்த நண்பராக இருந்தால். ஆடுகிறவரே எண்ணுவதாக இருந்தால் இல்லை.