மெட்ரோ திட்டத்தை டில்லி திருப்பி அனுப்பிவிட்டது. கோவை கடன் பத்திரம் விடலாமா?

நொய்யல்கரை:
2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 39 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அத்தனை பழைய கணக்கை வைத்து முடிவெடுத்தது எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் டில்லியையும் சென்னையையும் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் இருப்பது? அகமதாபாத் மாநகராட்சி 1998-லேயே மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல் 100 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, அதாவது முதலீட்டாளர்களிடம் நேரடியாகக் கடன் வாங்கி வட்டியோடு அடைப்பது. சென்னை மாநகராட்சி 2025-ல் 200 கோடிக்கு விட்டது. கோவையும் விடட்டும், நம் வருமானத்தில் அடைப்போம்.

சூலூர் தம்பி:
ஏனுங்கண்ணா, அந்த "நம் வருமானம்" கடைசியில் சொத்து வரிதானே? 2022-ல் 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். வீட்டுக்காரர் அதை அப்படியே வாடகையில் சேர்த்தார். இங்கிருந்து போகும் ஜிஎஸ்டி கொஞ்சமா? அதிலிருந்து நம் பங்கைக் கேட்பதுதான் முறை. அவிநாசி சாலை மேம்பாலம் 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி. மாநில அரசு கட்டியது. மாநகராட்சியால் ஆகிற காரியமா அது?

நொய்யல்கரை:
மேம்பாலத்தை மாநகராட்சி கட்ட வேண்டாம் தம்பி. ஆனால் பணம் மேலே இருந்தால் தேதியும் மேலேதான் முடிவாகும். பவானி ஆற்றின் உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு-அவிநாசி திட்டத்தை அறுபது வருடத்துக்கு மேல் கேட்டோம், 2024 ஆகஸ்டில்தான் தண்ணீர் வந்தது. எத்தனை தேர்தல் வாக்குறுதியில் அது இருந்தது! வரி வலித்ததற்கும் காரணம், 2008-க்கு அப்புறம் தொடாமல் விட்டு ஒரேயடியாக ஏற்றியதுதான்.

பனியன் ஊர் அக்கா:
நான் திருப்பூர். நீங்கள் கேட்பதை எங்கள் ஊர் பார்த்துவிட்டது. தனியார் கூட்டில் நாட்டிலேயே முதல் பெரிய குடிநீர்த் திட்டம் இங்கேதான் வந்தது. பவானி அருகே காவிரியிலிருந்து நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் ஏற்பாடு, செலவு ஆயிரம் கோடிக்கு மேல். சாயப்பட்டறைகள் கூடுதல் விலை கொடுக்கும், அதை வைத்து வீடுகளுக்குக் குறைந்த விலையில் தண்ணீர். காகிதத்தில் நல்ல கணக்கு. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்ட கெடுதிக்கு அது நியாயமான தீர்ப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் திட்டத்துக்குக் காசு கொடுக்கிற ஆளே போய்விட்டார். அப்புறம் திறந்த பட்டறைகளும் கழிவைச் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன, முன்போல வாங்குவதில்லை. முப்பது வருடக் கணக்கு ஐந்தாறு வருடத்திலேயே ஆட்டம் கண்டது.

சூலூர் தம்பி:
அதைத்தான் அக்கா நானும் சொல்கிறேன்.

பனியன் ஊர் அக்கா:
இல்லை தம்பி. அந்தக் குழாயில் இன்றும் தண்ணீர் வருகிறது. மானியத்துக்குக் காத்திருந்தால் அதுவும் வந்திருக்காது. ஒரே தொழிலை நம்பி அத்தனை கடனையும் ஏற்றியதுதான் பிழை.

நொய்யல்கரை:
சரி, நான் கேட்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். மெட்ரோ மாநிலமும் மத்தியும் பார்க்கட்டும். மாதாமாதம் கட்டணம் வருகிற குடிநீர், பாதாளச் சாக்கடைக்கு மட்டும் பத்திரம்.

சூலூர் தம்பி:
கையெழுத்துப் போடுவது யாருங்கண்ணா? 2016 கடைசியிலிருந்து 2022 வரை மாநகராட்சியில் கவுன்சிலர்களே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. வெள்ளலூர் பேருந்து நிலையம் 2020-ல் தொடங்கிப் பாதியில் நின்றது. நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் 1994 முழுமைத் திட்டத்தை வைத்தே முப்பது வருடம் ஓட்டினோம். இப்போது 2041 வரைக்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள். ஆட்சி மாறினால் திட்டம் மாறும், வட்டி மட்டும் மாறாது.

நொய்யல்கரை:
அதற்குத்தான் பத்திரம் வேண்டும் என்கிறேன். கடன் கொடுத்தவன் வருடாவருடம் கணக்குக் கேட்பான். மானியத்துக்கு அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

பனியன் ஊர் அக்கா:
அவன் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்போம். குடிநீர்க் கட்டணம் வார்டு வாரியாக எவ்வளவு வசூல், பராமரிப்புக்கு எவ்வளவு செலவு என்று மாநகராட்சி முதலில் வெளியிடட்டும். அது கைக்கு வரும்வரை நான் தம்பி பக்கம்தான்.