மறுமொழி: டீசல் இன்ஜெக்ஷன் பம்புக்குச் சொல்: பீச்சுப்பம்பி?

குழுவினருக்கு வணக்கம்.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, தன் டொட்ஜ் லொறிக்கு வீட்டுக் கராஜிலேயே பம்ப் மாற்றும் வேலையைத் தமிழில் படிப்படியாக எழுத வெளிக்கிட்டதில் தொடங்கிய இழை இது. இன்ஜெக்ஷன் பம்பை எரிபொருள் பம்பி என்றும் உட்செலுத்தும் பம்பி என்றும் சொல்வதைவிடப் பீச்சுப்பம்பி என்பதே நல்லது என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து என் பங்குக்கு இந்த மடல்.

> எரிபொருள் பம்பி என்றால் போதாதா? எதற்குப் புதிதாக ஒரு சொல்?

போதாது. டீசல் வண்டியில் எரிபொருளுக்குப் பெரும்பாலும் இரண்டு பம்ப் இருக்கும். ஒன்று தாங்கியிலிருந்து டீசலை இழுத்து எஞ்சின் பக்கம் கொண்டுவந்து விடுவது. எங்கள் கராஜ்களில் அதை ஏசி பம்ப் என்பார்கள். குளிரூட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மற்றது, வந்த டீசலை அளந்து, அமுக்கி, சரியான கணத்தில் ஒவ்வோர் உருளைக்கும் (சிலிண்டருக்கும்) அனுப்புவது. இதுதான் நாம் பெயர் தேடும் இன்ஜெக்ஷன் பம்ப். தம்பியின் லொறியில் இருப்பது 1998 நடுப்பகுதி முதல் 2002 வரை கம்மின்ஸ் எஞ்சினோடு வந்த விபி44 என்ற மின்னணுப் பம்ப். அதற்குக் குளிர்ச்சியும் மசகும் அதற்குள் ஓடும் டீசல்தான். முதல் பம்ப் சோர்ந்து டீசல் குறைந்தால் இரண்டாவது பழுதாகும். அந்த லொறிக்காரரின் தீராத தலையிடி இதுதான். இரண்டையும் எரிபொருள் பம்பி என்று எழுதினால், படிக்கிறவர் எதைக் கழற்றுவார்? ஆகவே முதலாவதை ஊட்டுப்பம்பி என்று வைத்துக்கொள்வோம். இதில் யாருக்கும் மறுப்பு இராது என நினைக்கிறேன்.

> பம்பி தமிழே இல்லை. எக்கி என்று நல்ல சொல் இருக்கிறதே?

கோவை ஐயாவின் கேள்வி. எக்கி நல்ல சொல்தான், ஐயா. ஆனால் இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பம்பிதான் பழக்கம். உங்கள் அழுத்தம் எங்களுக்கு அமுக்கம், உங்கள் பிஸ்டன் எங்கள் புத்தகத்தில் முசலம். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் வால் வைப்பது இங்கே புதிதுமில்லை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், வேதியியல் நூலுக்கு இட்ட பெயரே கெமிஸ்தம். அது வெளிவந்தது 1875 இல். மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்துக் காட்டிய மனிதர், தேவைப்பட்ட இடத்தில் இப்படியும் செய்தார். தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது பீச்செக்கி என்று போட்டாலும் எனக்குச் சரி. என் வழக்கு பின்பாதியில் இல்லை, முன்பாதியில்.

இன்ஜெக்ஷனுக்கு வழக்கமாகச் சொல்லும் உட்செலுத்து என்பதில் எனக்கு இரண்டு சிக்கல். ஒன்று நீளம். உயர் அமுக்க எரிபொருள் உட்செலுத்தும் பம்பியின் ஆளுகைச் சுருளி என்று எழுதி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடும். மற்றது, அந்தச் சொல்லில் வேகம் இல்லை. கதவைத் திறந்து ஆளை உள்ளே விடுவதும் உட்செலுத்துவதுதான். இங்கே நடப்பது அதுவல்ல. பழைய 12 வால்வு கம்மின்ஸில் டீசலை உருளைக்குள் தூவும் நோசில் வாய் திறப்பதற்கே ஏறத்தாழ 250 பார் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அமுக்கம்). 2003 இல் வந்த, எல்லாப் பீச்சலுக்கும் ஒரே பொதுக்குழாயில் டீசலை அமுக்கி வைத்திருக்கும் கொமன் ரெயில் எஞ்சினில் அமுக்கம் 1600 பார் வரை போகும். குழாய் இணைப்பில் கசிவு தேடுகிறேன் என்று எஞ்சின் ஓடும்போது கையை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகத் தொடங்கியிருக்கும். உடனே சத்திரசிகிச்சைக்கு ஓடவேண்டிய காயம் அது. கசிவு பார்க்க ஒரு காட்போட் மட்டையைப் பிடிக்க வேண்டும், கையை அல்ல. தம்பி, சொல் எதுவானாலும் இந்த வரியைக் கட்டுரையில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பீச்சு என்பதில் அந்த விசை இருக்கிறது. ஒடுங்கிய வாயால் அமுக்கத்தோடு பாய்வதற்குத் தமிழில் ஏற்கெனவே உள்ள வினை. பீச்சாங்குழல் எல்லோரும் அறிந்தது.

> பீச்சு என்றதும் வயிற்றோட்டம் நினைவுக்கு வருகிறதே!

வரட்டும். சிரித்துக்கொண்டே படித்தால் மறக்காது. பீச்சாங்குழல் விற்கும் கடையில் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

இந்த வேரிலிருந்து மற்றவையும் இழுக்காமல் வருகின்றன என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். இன்ஜெக்ஷன் பீச்சல், இன்ஜெக்டர் பீச்சி, நோசில் பீச்சுவாய், ஒரு முறை பீச்சும்போது போகும் டீசல் பீச்சளவு. டைமிங் வைப்பதைப் பீச்சுநேரம் வைத்தல் எனலாம். முசலம் உச்சிக்கு வருமுன் எத்தனை பாகையில் பீச்சுகிறது என்று எழுதினால் குழப்பமே இல்லை.

எலிமென்டை மட்டும் எலிமென்டாகவே விட்டுவிடக் கேட்கிறேன். உள்ளே ஏறி இறங்கும் தண்டும் அதன் கூடும் சேர்ந்த சோடிக்குக் கராஜில் அதுதான் பெயர். இடைவெளி சில மைக்ரோன்தான். ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய சோடி, ஆகவே ஒன்றின் தண்டை இன்னொன்றின் கூட்டில் போடக்கூடாது. சுத்தமான டீசலில் நனைத்துச் சரித்துப் பிடித்தால் தண்டு தன் பாரத்தில் மெல்ல வழுக்கி இறங்கவேண்டும். தொப்பென்று விழுந்தால் தேய்ந்தது, நடுவில் நின்றால் கீறலோ தூசியோ இருக்கிறது. டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலந்தால் வழவழப்புக் குறைந்து இந்த இடம்தான் முதலில் தேயும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. இவ்வளவு பழகிய பெயரை மாற்றி நாம் காணப்போவது என்ன?

கடைசியாக, மேம்படுத்தல். தம்பி எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார், அது சரியில்லை. விபி44 ஐக் கழற்றி, 1994 முதல் 1998 வரை வந்த பி7100 என்ற மின்னணு இல்லாத பம்பைப் பூட்டுவது பம்பி மாற்றம். அந்த பி7100 இல் 12 மில்லிமீற்றர் எலிமென்டை எடுத்து 13 போடுவதுதான் மேம்படுத்தல். உள்ளதை வைத்துக்கொண்டே திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுவதற்குக் கூட்டிவிடுதல் என்ற பேச்சுச்சொல்லே போதும். இங்கே அப்படிக் கூட்டிவிட்டால் இழுவை வருகிறதோ இல்லையோ, கறுப்புப் புகை வரும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் வேறென்ன வரும்? புகைப் பரிசோதனையில் தவறினால் வாகனத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை.

மூன்றுக்கும் வேண்டிய கருவி வேறு, செலவு வேறு. முதலாவதையும் மூன்றாவதையும் பொறுமைசாலி வீட்டில் செய்யலாம். எலிமென்ட் மாற்றினால் ஆறு உருளைக்கும் பீச்சளவைச் சமப்படுத்தப் பம்பைப் பெஞ்சில், அதாவது பம்பைக் கழற்றி ஓட்டி அளக்கும் சோதனை மேசையில், ஏற்றியே ஆகவேண்டும். அதைக் கட்டுரையில் மறைக்க வேண்டாம், தம்பி.

இன்னும் சொல் கிடைக்காதது றாக்குக்கு, அதாவது பம்புக்குள் முன்பின் நகர்ந்து பீச்சளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டுக்கு. பற்சட்டம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஸ்டியரிங்கில் இருப்பதற்கும் அதே பெயரா என்பதுதான் என் தயக்கம். அது பற்றி அடுத்த மடலில் எழுதுங்கள். பீச்சுப்பம்பிக்கு மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள்.