புதுப்பிப்பு: கால்நடை மருந்தக மென்பொருளில் மருந்துச்சீட்டு அமைப்பு

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் கால்நடை மருத்துவமனையின் மென்பொருள், மருந்துச்சீட்டில் அளவைத் தானாகவே மில்லிலிட்டரில் தவறாக நிரப்பிவிடுகிறது என்றும், பால் விலக்குக் காலம் (மருந்து கொடுத்தபின் பாலைப் பயன்படுத்தக் கூடாத நாட்கள்) அச்சாவதில்லை என்றும் சென்ற மாதம் எழுதி உதவி கேட்டிருந்தேன். இரண்டும் தீர்ந்துவிட்டன.

அளவுப் பிழைக்குக் காரணம், மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியின் இரண்டு மருந்துகள் ஒரே பெயரில் பதிவாகியிருந்ததுதான். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு இரண்டாம் நாள் முதல் கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் 1 மி.கி. தேவை, மில்லிக்கு 1.5 மி.கி. உள்ள வாய்வழி மருந்தில் அது ஏறத்தாழ 0.67 மி.லி., மில்லிக்கு 5 மி.கி. உள்ள ஊசி மருந்திலோ வெறும் 0.2 மி.லி. ஆகவே ஒவ்வொரு செறிவையும் தனித்தனிப் பொருளாகப் பிரித்து, எடையைப் பதியாமல் சீட்டைச் சேமிக்க முடியாதபடி செய்து, தானாக நிரம்பும் அளவையும் அடியோடு நீக்கிவிட்டேன். சீட்டு எழுதச் சற்றுக் கூடுதல் நேரமாகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

விலக்குக் காலத்தைப் பொறுத்தவரை, மருந்தின் லேபிளில் உள்ள நாட்களையே பதிகிறோம். லேபிளில் இல்லையென்றால், மருந்து விதிகள் கூறும் குறைந்தபட்சமான, பாலுக்கு 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பதை வைக்கிறோம். ரப்பர் பால்வெட்டுக்குப் போய்வந்து, ஒரு மாட்டை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பத்தாருக்கு நாட்கணக்கைவிடத் தேதியே தெளிவாக இருக்கும் என்பதால், ‘இந்தத் தேதி வரை பால் ஊற்றக் கூடாது’ என்றே பெரிய எழுத்தில் அச்சாகிறது.

2023இல் விலங்குகளுக்குத் தடைசெய்யப்பட்ட கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணிகள் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. பழைய சீட்டை நகலெடுத்தால் பழைய எடையும் கூடவே வருவது மட்டும் இன்னும் பாக்கி. அதுவரை நகலெடுக்கும் வசதியை முடக்கி வைத்திருக்கிறேன்.