பாசி எடுக்கும் பெண்களின் இழப்பீட்டுக்கு மானிடவியல் உதவுமா?

பாம்பன் பாலா:
மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் வந்தது. 21 தீவுகளைச் சுற்றிக் காலங்காலமாகக் கடல்பாசி எடுத்த பெண்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆகிவிட்டார்கள். இழப்பீடு கேட்டால் ஆதாரம் எங்கே என்பார்கள். கடலுக்கு ஏது பட்டா? மக்களின் வாழ்க்கைமுறையை ஆராயும் ஒரு மானிடவியலாளரை அழைத்து, யார் எந்தத் தீவில் எத்தனை தலைமுறையாக எடுத்தார்கள் என்று எழுதி வைப்போம். பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அதில் பாதிக்கப்பட்ட ரொங்கலாப் தீவு மக்களுக்காக பார்பரா ரோஸ் ஜான்ஸ்டன், ஹோலி பார்க்கர் என்ற மானிடவியலாளர்கள், நிலத்தின் விலையோடு நிற்காமல், மீன்பிடியும் வாழ்க்கைமுறையும் பறிபோனதையும் கணக்கில் கொண்டுவந்தார்கள். 2007இல் அந்த இழப்பீட்டை விசாரித்த தீர்ப்பாயம் 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது.

தங்கச்சிமடம் ரூபன்:
சொன்னது சரி அண்ணே, கொடுத்தார்களா? தீர்ப்பாயத்திடம் பணமே இல்லை. அதே மக்களைக் கதிர்வீச்சு இருந்த தீவுக்கு 1957இல் திருப்பி அனுப்பி, வருஷா வருஷம் வந்து பரிசோதித்ததும் ஆய்வு என்ற பெயரில்தான். 1985இல் அவர்களாகவே ஊரைக் காலி செய்தார்கள்.

பாம்பன் பாலா:
அது டாக்டர்கள் செய்த வேலை, தம்பி. சம்மதம் இல்லாமல் நடந்த அந்தப் பரிசோதனையையும் பாதிப்பாகப் பதிவு செய்தது மானிடவியலாளர்களின் அறிக்கைதான்.

தங்கச்சிமடம் ரூபன்:
இருக்கட்டும். 'இன்ன தீவில் இறங்கிப் பாசி எடுத்தோம்' என்று எழுதிக் கொடுத்தால், அதுவே நம் பெண்கள் மேல் வழக்குப் போட வாக்குமூலம் ஆகாதா? அதற்கு யார் பொறுப்பு?

ஏர்வாடி மேரி:
இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். என் அம்மா விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டிக்கொண்டு இறங்குவார். அப்படியும் பாறை கிழிக்கும். எங்களிடம் ஆய்வுக்கு வந்தவர் கேட்டது கிலோ என்ன விலை என்பது மட்டும். மரிக்கொழுந்துப் பாசியை எப்போது எடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, அதைக் கேட்கவே இல்லை. உரிமைக்கு அதுதானே சாட்சி?

பாம்பன் பாலா:
மேரி சொல்வது சட்டத்துக்கும் பொருந்துகிறது. 2006 வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவுக்கும் செல்லும். நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் அதில் வருகின்றன. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், வனத்தில் அதை நம்பி வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். வழக்கங்களைப் பதிவு செய்த ஆய்வும் பெரியவர்களின் வாக்குமூலமும் ஆதாரம் என்று விதியிலேயே இருக்கிறது. இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் பெயரும் அங்கே வருகிறது.

தங்கச்சிமடம் ரூபன்:
கடலை வனம் என்று எந்தக் கமிட்டி ஒத்துக்கொள்ளும்? சரி, எழுதுங்கள். நோட்டு பெண்கள் சங்கத்திடம் இருக்கட்டும், தீவின் பெயர் வேண்டாம்.

பாம்பன் பாலா:
பெயர் இல்லாமல் மனு நிற்காதே தம்பி.

ஏர்வாடி மேரி:
பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதைச் சங்கக் கூட்டத்தில் நாங்கள் பேசிக்கொள்கிறோம். அதுவரை யாரையும் ஆய்வுக்குக் கூட்டிவர வேண்டாம்.