ஏரோசால் கொள்கலனுக்கு 'வளியடை குப்பி': பெயரிலேயே எச்சரிக்கை வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஏரோசால் கொள்கலனுக்கு, அதாவது உள்ளே அடைத்த கேஸின் விசையால் தெளிக்கும் டப்பாவுக்கு, தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: தெளிப்பான், தூவான், பீச்சுக்குப்பி, அழுத்தத் தெளிப்பான், தூசிப்படலக் குடுவை. எதற்காகக் கேட்கிறேன் என்பதை அந்த மடலில் நான் விளக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெருந்துறைப் பக்கம் பெட் (PET) பிளாஸ்டிக்கில் பாட்டில் ஊதும் பட்டறை ஒன்றில் தரக்கட்டுப்பாடு என் வேலை. பிளாஸ்டிக் ஏரோசால் குப்பிகளும் ஊதிக் கொடுக்கிறோம். கேஸ் அடைப்பது வேறோர் ஆலை. அங்கேயும் லாரி ஷெட்டிலும் மாட்டுவதற்குத் தமிழில் பாதுகாப்பு அறிவிப்பு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சித்திரை மாதம், உச்சி வெயில். ஷெட்டில் இரண்டு சரக்கு இறங்கிக் கொண்டிருந்தது. ஒன்று தகர டப்பாவில் வரும் சிலிக்கான் ஸ்ப்ரே, பனியன் கம்பெனிகளில் தையல் ஊசிக்கு அடிப்பார்களே அது. இன்னொன்று பிளாஸ்டிக் ஏரோசால். லோடுமேன் ஒருவர் தகர டப்பா அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, நிழலுக்குள் கொண்டுபோய் வைத்தார். அடுத்த பெட்டியைத் தோளிலிருந்து அப்படியே வெயிலில் கிடந்த தார்ப்பாய் மேல் போட்டார். "ஏனுங்க, ரெண்டும் ஒரே சரக்குத்தானே, இதை மட்டும் ஏன் போடறீங்க?" என்று கேட்டேன். "இல்லீங்க, அது கேஸ் டப்பா. இது ஸ்ப்ரே பாட்டிலுங்க" என்றார்.

ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. கொடுக்கும் எண் இரண்டுக்கும் 1950தான். இரண்டும் இரண்டாம் வகுப்பு, அதாவது வாயுக்கள். ஆனால் அவர் மேல் தவறே இல்லை. இத்தனை வருடமாக ஆபத்தைச் சொல்லிக் கொண்டிருந்தது தகரம்தான். உருளையான தகர டப்பா, மேலே மூடி என்றால் உள்ளே கேஸ் என்று அவர் கைக்குத் தெரியும். தகரத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைத்தவுடன் அந்த அடையாளம் போய்விட்டது. பார்க்க ஷாம்பு பாட்டில் மாதிரி இருக்கிறது. பொருளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதபோது, பெயர்தான் அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஒரு சொல்.

இப்போது வந்த சொற்களுக்கு வருகிறேன்.

தெளிப்பான், தூவான், பீச்சுக்குப்பி மூன்றும் அழகான சொற்கள். தூவான் என்றதும் தூவானம் நினைவுக்கு வருகிறது. சங்கப் பாட்டில் வரும் 'துவலை' என்ற சொல்லையும் ஓர் அக்கா நினைவுபடுத்தியிருந்தார், எனக்கு நெம்பப் பிடித்தது. ஆனால் இவை எல்லாம் வெளியே வருவது எது என்று சொல்கின்றன, உள்ளே இருப்பது எது என்று சொல்லவில்லை. கண்ணாடி துடைக்க விசையை இழுத்து அடிக்கிற பாட்டிலும் தெளிப்பான்தான், அதில் அழுத்தமே கிடையாது. தென்னைக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பானும் தெளிப்பான்தான். அந்தக் கூட்டத்தில் இதையும் சேர்த்தால் தார்ப்பாய் மேல்தான் விழும்.

தூசிப்படலக் குடுவை வேண்டாம். வளிமண்டலத்தில் மிதக்கும் துகள்களுக்கான சொல்லைக் கடையில் விற்கும் டப்பாவுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

'அழுத்தத் தெளிப்பான்' சொன்ன ஐயா சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அழுத்தம் என்ற கருத்து சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பதில் அவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அந்தச் சொல்லைப் பட்டறையில் நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று பேர் "அழுத்தினா தெளிக்கும்" என்று பொருள் சொன்னார்கள். அழுத்துவது விரல் என்றாகிவிடுகிறது. உள்ளே அடைபட்டிருக்கும் விசை யாருக்கும் தோன்றவில்லை. அமுக்கம் என்று மாற்றினாலும் இதே கதைதான்.

அப்புறம் அந்த லோடுமேன் பேச்சையே திரும்ப யோசித்தேன். கேஸ் டப்பா என்றால் என்ன என்று கேட்டபோது அவர் சொன்னது: "கேஸ் அடைச்சு வச்சிருக்கறதுங்க." அடைத்தல். காற்றடைத்த பை என்று உடம்பையே சொல்லிப் பழகியவர்கள் நாம். பந்துக்கும் டயருக்கும் காற்றடிப்போம், சிலிண்டரில் கேஸ் அடைப்போம். அடைத்தது வெளியே வரத் திமிறும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலிருந்து வந்ததுதான் வளியடை குப்பி.

இதை வினைத்தொகையாகத்தான் வைக்கிறேன், ஊறுகாய் போல. அதனால் ஒற்று மிகாது, 'வளியடைக் குப்பி' என்று எழுத வேண்டாம். வளி அடைத்த குப்பி, அடைக்கின்ற குப்பி, அடைக்கும் குப்பி என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. இந்தப் பொருளுக்கு அந்த மூன்று காலமும் வேண்டும். எங்கள் பட்டறையில் ஊதும்போதே அது வளி அடைக்கப் போகிற குப்பி, தண்ணீர் பாட்டில் மாதிரி அசட்டையாக ஊத முடியாது. பயன்படுத்தி முடித்துத் தூக்கிப் போட்ட பிறகும் உள்ளே மிச்ச வாயு இருக்கும். காலி டப்பாவையும் குத்தாதே, எரிக்காதே என்று உலகம் முழுக்க அச்சிடுவது அதனால்தான்.

வளி என்றால் லோடுமேனுக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் வளியடை குப்பி, அதன் கீழேயே 'உள்ளே கேஸ்' என்று போட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும்.

அடுத்த சொல், வெந்நீர்த் தொட்டிச் சோதனை. நம் குழுவின் பழைய பட்டியலில் இப்படித்தான் இருக்கிறது. தகர டப்பாவுக்குப் பொருந்தும். கேஸ் அடைத்த ஒவ்வொரு டப்பாவையும் சூடான நீரில் முக்கி, பொதுவாக 55 டிகிரியில் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அந்த அளவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்பது ஆபத்தான சரக்குப் போக்குவரத்துக்கான ஐ.நா. முன்மாதிரி விதிகளில் உள்ளது. தொட்டிக்குள் விளக்கு போட்டிருப்பார்கள். வால்வு ஓரத்திலிருந்து கடுகு போலக் குமிழி வரிசையாக ஏறினால் அந்த டப்பா கழிவு. ஆனால் அந்தச் சூட்டில் இளகிவிடும் பிளாஸ்டிக் என்றால் நீர் 20 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்றும், கூடவே 2000 குப்பிக்கு ஒன்றை மட்டும் அந்த உயர்ந்த சூட்டில் சோதிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 25 டிகிரி நீரை நம் ஊரில் யாரும் வெந்நீர் என்று சொல்லமாட்டார்கள். தமிழ்ப் பலகையில் வெந்நீர் என்று எழுதியிருந்தால், ஆபரேட்டர் அதை நம்பிச் சூடேற்றிவிடுவார். அதனால் 'நீர்முழுக்குச் சோதனை' என்று மாற்றிக்கொள்வோம். எவ்வளவு சூடு என்பதை எண்ணில் தனியாகப் போடலாம்.

அந்த விதியிலேயே, பிளாஸ்டிக் குப்பி இளகி உருமாறலாம், கசியக் கூடாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. நெகிழி என்ற சொல்லைப் புழங்கும் நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும். 'நெகிழி நெகிழ்ந்தால்' என்று எழுதினால் குழப்பம். சூட்டில் மெத்தென்று ஆவதற்கு இளகுதல் என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மூன்றாவது சொல். பிளாஸ்டிக்கை ஒரே பளுவில் நெடுநாள் வைத்திருந்தால், சூடே இல்லாவிட்டாலும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். ஆங்கிலத்தில் இதைக் கிரீப் (creep) என்பார்கள். இரும்பில் நம் ஊர்ச் சூட்டுக்கு இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, பிளாஸ்டிக்கில் இதுதான் பெரிய கவலை. இன்றைக்குச் சோதனையில் தேறிய குப்பி ஆறு மாதம் கழித்துக் கழுத்தில் கசியலாம். அமெரிக்க விதிகளில் 2எஸ் என்ற பிளாஸ்டிக் கொள்கலனுக்கு இதற்காகவே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கேஸ் அடைத்த குப்பிகளை 25, 25ஆக மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவை 38 டிகிரியில் 26 வாரம், இன்னொன்றை 50 டிகிரியில் 100 மணி நேரம், மூன்றாவதை 55 டிகிரியில் 18 மணி நேரம் வைத்திருந்து, பிறகு 1.8 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட வேண்டும். தோளிலிருந்து விழுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம். அந்த 26 வாரத்தைப் படித்தபோது எனக்கு ஷெட்டும் தார்ப்பாயும்தான் கண்முன் வந்தன. ஈரோட்டில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மூடிய லாரிக்குள் அதற்கும் மேலே போகும்.

இதற்கு 'ஊர்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊர்வது இடம் மாறுவது, இங்கே எதுவும் இடம் மாறுவதில்லை. நாடாக் கட்டிலைப் பாருங்கள். அதே ஆள்தான் தினமும் படுக்கிறார், எடை கூடவில்லை, நாடா அறவும் இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. நாம் அதைத் தொய்ந்துவிட்டது என்கிறோம். 'தொய்வு' என்பதே போதும். புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கலப்பது பற்றிக் கேட்டிருந்த தம்பிக்கு: அதே உற்பத்தியில் விழுந்த துண்டுகளை அரைத்துச் சேர்க்கலாம், வெளியிலிருந்து வந்த பழைய பிளாஸ்டிக் கூடாது என்று 2எஸ் விதி சொல்கிறது. அரைத்ததைப் பட்டறையில் ரீகிரைண்ட் என்போம், 'மறு அரைவை' என்றால் எல்லோருக்கும் புரியும். ரெசினில், அதாவது குப்பி ஊதும் மூலப்பொருளில், ஈரம் இருந்தாலும் ஆபத்து. உருகும்போது அந்த ஈரம் பெட் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துக் குப்பியைப் பலவீனமாக்கிவிடும். அதனால்தான் ரெசினை 160 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் உலர்த்துகிறோம். இதில் சொல் சிக்கல் ஏதும் இல்லை.

உள்ளே இருப்பதை வெளியே தள்ளும் கேஸ், அதாவது புரொப்பெல்லன்ட் என்பதற்கு 'உந்துவளி' என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டோம், வளியடை குப்பியோடும் சேர்கிறது. வால்வு வால்வாகவே இருக்கட்டும்.

ஆபத்தான சரக்கு பற்றிய விவரத்தை எழுத்தில் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வரும் ஓட்டுநர்கள் அதைத் தமிழில் படிக்க வேண்டும். நான் எழுதியிருப்பது இது:

"வளியடை குப்பி, பிளாஸ்டிக். உள்ளே கேஸ். வெயிலில் வைக்காதீர்கள், 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. தூக்கிப் போடாதீர்கள். காலியானாலும் குத்தாதீர்கள், எரிக்காதீர்கள்."

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றம் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். குறிப்பாகக் குப்பியா குடுவையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 'அடை' மட்டும் இருக்க வேண்டும்.